உஷார்! கடற்கரைச் சாலைக்குக் கீழே சேறு

2024 டிசம்பர் 5, காலை 10.44. கலிபோர்னியாவின் வடக்கில், மென்டசீனோ முனைக்கு அப்பால் கடலடியில் 7.0 அளவுக்கு நிலம் அதிர்ந்தது. சற்று நேரத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இருக்கிற சான் பிரான்சிஸ்கோவில் கைபேசிகள் ஒன்றாக அலறின. சுனாமி எச்சரிக்கை, கரையை விட்டு விலகுங்கள் என்று. வளைகுடாவுக்கு அடியில் ஓடும் ‘பார்ட்’ ரயில்களை நிறுத்தினார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் எச்சரிக்கை ரத்தானது. பேரலை எதுவும் வரவில்லை. ஊர் பெருமூச்சு விட்டு வேலைக்குத் திரும்பியது.

அன்று எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி, அலை வருமா என்று. அதே நடுக்கம் ஊருக்குப் பக்கத்தில் வந்திருந்தால் கால் வைத்து நிற்கிற தரை அப்படியே இருந்திருக்குமா? பயம் அங்கேதான் இருக்கிறது. கடலோரத் தரை இருந்த இடத்தில் இருக்காது, கடல் பக்கமாக நகரும், அதைத் தாங்கும் சுவரும் கூடவே சாயும் என்று அந்த ஊர்த் துறைமுக நிர்வாகம் 2016-இல் செய்துவைத்த ஆய்வே சொல்லிவிட்டது.

இதைப் படிக்கிற பலருக்கு அது ஏதோ தூர தேசம் இல்லை. மகனோ மருமகளோ அங்கே கணினி வேலையில் இருப்பார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போய் ஆறு மாதம் தங்கி வந்த அம்மாக்கள் மாம்பலத்தில் தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். அப்படிப் போனவர்களை வார இறுதியில் எம்பார்கடெரோ என்ற அந்தக் கடலோரச் சாலைக்கு அழைத்துப் போகாத பிள்ளைகள் குறைவு. பெர்ரி பில்டிங்கின் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்திருப்பார்கள். ஆல்பத்தைப் புரட்டினால் அகப்படும். அந்தப் படத்தில் நீங்கள் நிற்கிற இடம் 1849-இல் கடல்.

தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அந்த ஆண்டு கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பயணிகள் சுரங்கத்துக்கு ஓட, மாலுமிகளும் பின்னாலேயே ஓடினார்கள். ஆளில்லாத கப்பல்கள் எர்பா புயெனா என்ற சின்னக் குடாவில் நூற்றுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தன. துறையை ஒட்டி மனை வேண்டும் என்றவர்கள் மணல், குப்பை, இடிபாடு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அந்தக் குடாவில் கொட்டித் தூர்த்தார்கள். சில கப்பல்களை அப்புறப்படுத்தக்கூட மெனக்கெடவில்லை, அவற்றையும் சேர்த்தே மூடினார்கள். நயான்டிக் என்ற கப்பலின் எலும்புக்கூடு 1978-இல் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெளியே வந்தது. பழைய கரை மான்ட்கோமரி தெருவை ஒட்டி இருந்தது. அங்கிருந்து இன்றைய கரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நடுவில் நிற்கிற வங்கி மாடிகள், அலுவலகக் கோபுரங்கள் எல்லாம் தூர்த்த நிலத்தின் மேல்.

கொட்டிய மண் மறுபடி கடலுக்குள் வழிந்துவிடாமல் தடுக்க வேண்டுமே. 1870-களின் கடைசியில் தொடங்கி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் துண்டு துண்டாக வேலை செய்து, ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் எழுப்பினார்கள். கட்டிய விதத்தைக் கவனியுங்கள். கடலடிச் சேற்றில் அகழி தோண்டினார்கள். டெலிகிராப் குன்றை உடைத்த கல்லை அதில் கொட்டினார்கள். அந்தக் கற்குவியலின் தலைமேல் மரப் பைல்களையும் (மண்ணில் இறக்கும் தூண்கள்) கான்கிரீட் மதிலையும் நிறுத்தினார்கள். மண்ணின் குணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பொறியியல் பிறக்காத காலம் அது. கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், பூமிக்கடியில் ஓடும் ரயில் தடங்களும், சாக்கடைக் குழாய்களும், மின்கம்பிகளும், படகுத்துறைகளும் இன்றைக்கும் அந்தச் சுவரை நம்பித்தான் இருக்கின்றன. அந்தச் சுவரோ சேற்றை நம்பி நிற்கிறது.

நிலம் அதிரும்போது இப்படிப்பட்ட மண்ணுக்கு என்ன ஆகும் என்று தெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மெரினாவில் அலை வந்து திரும்பிய ஈரமணலில் நின்று, குதிகாலால் நாலு முறை தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் கொழகொழவென்று ஆகிக் கால் உள்ளே போகும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால்தான் பாரத்தைச் சுமக்கின்றன. குலுக்கும்போது இடையில் உள்ள தண்ணீரின் அழுத்தம் ஏறித் துகள்களைப் பிரித்துவிடுகிறது. சில விநாடிகளுக்கு அது மண்ணே இல்லை, கனத்த திரவம். மேலே நிற்கும் கட்டடம் புதையும். கீழே இருக்கும் குழாய் மிதந்து எழும். கடலோரமாக இருந்தால் எல்லாமே கடலைப் பார்த்துச் சரியும்.

சான் பிரான்சிஸ்கோவிலும் ஒரு மரீனா உண்டு. கடலோரத்தில், பணக்காரர்கள் வசிக்கும் பேட்டை. 1915-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காகத் தூர்த்து மேடாக்கிய இடம் அது. 1989 அக்டோபர் 17 மாலை 5.04-க்கு லோமா பிரியெட்டா நிலநடுக்கம் வந்தது, 6.9 அளவு. அதன் மையம் ஊருக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், மலைக்குள் இருந்தது. பலமான குலுக்கல் சுமார் 15 விநாடிதான். அதற்கே மரீனாவில் மண் திரவமானது. வீடுகளின் கீழ்த்தளம் நொறுங்கி மேல்தளம் தெருவில் வந்து உட்கார்ந்தது. எரிவாயு கசிந்து தீப்பிடித்தது. தீயணைக்க வந்தவர்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை, நிலத்தடிக் குழாய்கள் உடைந்திருந்தன. கடைசியில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற தீயணைப்புப் படகு கரைக்கு வந்து கடல் தண்ணீரை உறிஞ்சி ஹோஸ் வழியாக அனுப்பியதால் அந்தப் பேட்டை பிழைத்தது. வளைகுடாப் பாலத்தின் ஒரு துண்டு சரிந்து ஒரு மாதம் போக்குவரத்து நின்றபோது, அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கியதும் படகுகள்தான். பேரிடர் நாளில் கடலோரம் வெறும் உலாவும் இடமாக இருக்காது. தண்ணீர் எடுக்கவும், ஆட்களைக் கரையேற்றவும், வெளியேற்றவும் ஊருக்கு இருக்கிற ஒரே பின்வாசல் அது. அந்த வாசற்படியே சரிந்தால்?

“1906-ஐயே பார்த்த ஊர் இது, 1989-ஐயும் பார்த்துவிட்டது, சுவர் நிற்கிறதே” என்று ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டாம். 1906 பெரும் நிலநடுக்கத்தின்போது சுவர் பாதி வேலையில் இருந்தது. தூர்த்த நிலத்துத் தெருக்கள் அன்றும் அமிழ்ந்தன, வளைந்தன. 1989 மையத்தின் தொலைவை மேலே சொன்னேன். அப்படியும் மீனவர் துறைப் பக்கம் பியர் 45 என்ற படகுத்துறையில் மண் திரவமாகிச் சேதம் ஏற்பட்டது. முழுதாகக் கட்டி முடித்த அந்தச் சுவரைப் பக்கத்தில் வந்த பெரிய நடுக்கம் எதுவும் இன்றுவரை சோதித்துப் பார்க்கவில்லை. தேர்வே எழுதாத பையனைத் தேறிவிட்டான் என்று சொல்கிற கதையாக இருக்கிறது.

தேர்வுத் தேதி தெரியாது, ஆனால் நெருங்குகிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2014-இல் போட்ட கணக்கு: 2043-க்குள் வளைகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கம் குறைந்தது ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு. எதிர்க்கரையில் ஓக்லண்ட், பெர்க்லி வீடுகளுக்கு அடியிலேயே ஓடுகிற ஹேவர்டு பிளவு கடைசியாகப் பெரிதாக அசைந்தது 1868-இல். அதன் பெரிய அசைவுகளுக்கு இடையே சராசரி இடைவெளி சுமார் 150 ஆண்டுகள் என்கிறார்கள். கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

இது போதாதென்று தண்ணீர். வளைகுடாவின் வாயான கோல்டன் கேட்டில் 1854 முதல் இடைவிடாமல் கடல் மட்டத்தை அளந்து வருகிறார்கள். கடந்த நூறாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. இப்போதே டிசம்பர், ஜனவரியில் ‘கிங் டைட்’ என்கிற உச்ச ஓதம் வரும் நாட்களில் பியர் 14 பக்கம் கடல் தண்ணீர் நடைபாதையில் ஏறி நிற்கிறது. மழை இல்லை, புயல் இல்லை, நல்ல வெயிலில் சாலை நனைந்திருக்கும். சுற்றுலாப் பயணிகள் அதையும் சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று நடக்கிறது. கடல் ஏறும்போது கரையோர நிலத்தடி நீரும் கீழிருந்து ஏறுகிறது. நேற்றுவரை உலர்ந்திருந்த மண் அடுக்கு ஈரமாகிறது. ஈரமான மண்தான் திரவமாகும். வெள்ள அபாயம் கூடக்கூட நிலநடுக்க அபாயமும் அதனோடு சேர்ந்து கூடுகிறது.

இங்கேதான் திட்டம் போடுகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். தண்ணீர் ஏறுகிறதா, சுவரை இரண்டடி உயர்த்து. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. செலவும் குறைவு, ரிப்பன் வெட்டவும் தோது. ஆனால் உயர்த்தினால் எடை கூடும், சேறு அதே சேறு. குலுங்கும்போது உயர்த்திய சுவர் முன்னைவிட வேகமாகச் சாயும். விரிசல் விட்ட சுவர் அடுத்த ஓதத்தைத் தடுக்காது. இன்னும் ஒரு சிக்கல்: அந்த ஊரில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் பெரும்பகுதி ஒரே குழாய். கரையை உயர்த்தினால் ஊருக்குள் பெய்த மழை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். பம்பு வைக்க வேண்டும். நிலம் அதிர்ந்த பிறகும் ஓடுகிற பம்பாக இருக்க வேண்டும், அதற்கு மின்சாரமும் இருக்க வேண்டும். வெள்ளத்துக்கு ஒரு துறை, நிலநடுக்கத்துக்கு ஒரு துறை என்று தனித்தனியாகக் கோப்பு நகர்த்தினால் ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷமாகும்.

இது கற்பனை என்று நினைப்பவர்கள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சைப் பார்க்கட்டும். 2011 பிப்ரவரி 22-இல் வந்த நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். ஏவன் ஆற்றின் இரு கரையிலும் மண் திரவமாகி, கரைகள் ஆற்றுக்குள் நெருங்கி, கிழக்குப் பேட்டைகள் பல இடங்களில் அரை மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் தாழ்ந்தன. ஆறு அதே ஆறு, மழை அதே மழை. ஆனால் வீடுகள் கீழே போய்விட்டன. அவசர அவசரமாகக் கரையோரம் மண்மேடு போட்டார்கள். 2014 மார்ச்சில் கனமழை பெய்தபோது, முன்பு இவ்வளவு நீர் பார்க்காத தெருக்கள் மூழ்கின. மொத்தத்தில் ஏறக்குறைய 8,000 வீட்டு மனைகளை இனி வசிக்க லாயக்கில்லாத சிவப்பு மண்டலம் என்று அறிவித்து, அரசே விலை கொடுத்து வாங்கிப் பெரும்பாலான வீடுகளை இடித்தது. நிலநடுக்கம் ஒரு நாள் வந்தது. வெள்ளம் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தது.

ஜப்பானின் கோபே நகரம் கடலுக்குள் தீவுகளையே உருவாக்கிய ஊர். போர்ட் ஐலண்டு, ரொக்கோ ஐலண்டு இரண்டும் மலையை வெட்டிக் கொண்டுவந்து கடலில் கொட்டிய மண். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46-க்கு நிலம் அதிர்ந்தது. அந்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். தீவுகளில் தரை பிளந்து சேற்றுநீர் கொப்பளித்தது. கப்பல் அணையும் கான்கிரீட் பெட்டிச் சுவர்கள் பல மீட்டர் கடலுக்குள் நகர்ந்தன. சுமை தூக்கும் கிரேன்களின் கால்கள் விரிந்து மடிந்தன. அதற்கு முந்தைய ஆண்டுவரை உலகக் கொள்கலன் துறைமுகங்களில் முதல் ஆறு இடங்களுக்குள் இருந்த துறைமுகம் அது. இரண்டு ஆண்டுகளில் சீரமைத்தார்கள். ஆனால் பூசானுக்கும் காவ்சியூங்குக்கும் போன இடைமாற்றுச் சரக்கில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. இதில் நான் அடிக்கோடு போட விரும்புவது வேறொன்று. அதே துறைமுகத்தில் மாயா என்ற துறையில் மூன்று அணைதுறைகளை மட்டும் அதிக நடுக்கத்தைத் தாங்கும்படி முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். அவை தாக்குப்பிடித்தன. தீவுகளிலும் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்திய இடங்களில் சேதம் குறைவு. கூடுதல் செலவு என்று யாரோ முணுமுணுத்திருப்பார்கள், அந்த முணுமுணுப்பை மீறி யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பணக்கார ஊர்களின் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2001 ஜனவரி 26-இல் குஜராத் நிலநடுக்கத்தின்போது காண்ட்லா துறைமுகத்தில் துறைமுக, சுங்க அலுவலகக் கோபுரம் அடிமண் திரவமாகிச் சாய்ந்தது. அது பைல் போட்டுக் கட்டிய கோபுரம்.

மறுபடி சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். ஊர் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் பொய். 2018 நவம்பரில் கடற்சுவருக்காக 42.5 கோடி டாலர் பாண்டு வெளியிடலாமா என்று வாக்காளர்களைக் கேட்டார்கள், ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சரி என்றார்கள். அப்போது சுவரை முழுதாகச் சீர்செய்ய 500 கோடி டாலர்வரை ஆகலாம் என்ற மதிப்பீடு இருந்தது. 2024 ஜனவரியில் ராணுவப் பொறியாளர் படையும் நகரமும் சேர்ந்து வெளியிட்ட வரைவுத் திட்டம் கரையின் நீளத்தைப் பன்னிரண்டு கிலோமீட்டராக விரித்தது, கரையை உயர்த்துவதையும் சேர்த்தது. தொகை 1,350 கோடி டாலர். அதில் 65 சதவீதம்வரை மத்திய அரசு கொடுக்கலாம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்புக்கொண்டால். பெர்ரி பில்டிங்கையே தூக்கி உயர்த்தும் யோசனைவரை அந்த வரைவில் உண்டு. சுவருக்கடியில் மண்ணைக் கெட்டிப்படுத்தும் வேலையும் இருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் இறுதி அறிக்கை, காங்கிரஸ் அனுமதி, ஒதுக்கீடு, வரைபடம், ஒப்பந்தம் என்று ஒவ்வொரு படியாக ஏறி வேலை முடியப் பல பத்தாண்டுகள். கையில் இருப்பது மொத்தத் தொகையில் முப்பதில் ஒரு பங்கு.

பத்து எஜமானர்களுக்கு நடுவில் வேறு அந்தச் சுவர் நிற்கிறது. கரை துறைமுகத்தின் பொறுப்பு. குழாய் குடிநீர் வாரியத்துடையது. மேலே ஓடும் டிராம் நகரப் போக்குவரத்துத் துறையுடையது, கீழே ஓடும் பார்ட் தனி நிர்வாகம். வளைகுடாவைத் தூர்க்காமல் காப்பதற்கென்றே 1965-இல் ஏற்படுத்திய ஆணையம் ஒன்று இருக்கிறது. நல்ல காரியம்தான் செய்தது, இல்லாவிட்டால் பாதி வளைகுடா மனையாகியிருக்கும். இன்றைக்குச் சுவரைச் சரிசெய்யக் கொஞ்சம் கடலுக்குள் தள்ளிக் கட்ட வேண்டும் என்றால் அதே ஆணையத்தின் வாசலில் நிற்க வேண்டும். வளைகுடாக் கரையூர்கள் எல்லாம் 2034-க்குள் கடல் மட்ட உயர்வுக்குத் திட்டம் எழுதி வைக்க வேண்டும் என்று 2023-இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கவனியுங்கள், திட்டம் எழுதி வைக்கத்தான் கெடு. கட்டி முடிக்க இல்லை.

இப்படி நீண்டுகொண்டே போகும் வேலையில் எது முதலில் நடக்கும்? கண்ணுக்குத் தெரிவது நடக்கும். மரம், பெஞ்சு, விளக்கு, சாப்பாட்டுக் கடை. மண்ணுக்குள் சிமென்ட் கலவையைப் பீய்ச்சிக் கெட்டியாக்கும் வேலையை யாரும் திறப்பு விழா வைத்துக் காட்ட முடியாது. எந்த ஊரில் கரையோர மேம்பாடு என்று பலகை வைத்தாலும் என் முதல் சந்தேகம் இதுதான். சியாட்டிலில் 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் அவர்களின் கடற்சுவரைத் தோண்டிப் பார்த்தார்கள். சுவருக்கு ஆதாரமான மரத்தைக் கடற்பூச்சிகள் அரித்துத் தின்றிருந்தன. 2012-இல் 29 கோடி டாலர் பாண்டுக்கு மக்கள் வாக்களித்தார்கள். முதல் கட்டம் மட்டும் முடிந்தபோது செலவு 41 கோடியைத் தொட்டது. தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டும்வரை தெரியாது என்பதால், இத்தகைய வேலைகளுக்கு முதல் மதிப்பீடு எப்போதும் ஏமாற்றும். ஆனாலும் அந்த ஊரைப் பாராட்டத்தான் வேண்டும். அடிமண்ணைக் கெட்டிப்படுத்திச் சுவரைக் கட்டிய பிறகுதான் உலாவும் சாலைக்கு அழகு பார்த்தார்கள்.

சான் பிரான்சிஸ்கோவிலும் சரியாகச் செய்தவை உண்டு. பியர் 22½-இல் 2022-இல் திறந்த தீயணைப்புப் படகு நிலையம் எஃகு மிதவை ஒன்றின் மேல் இருக்கிறது. ஓதம் ஏறினால் கூடவே ஏறும், நிலம் குலுங்கினால் தனியே மிதக்கும். பெர்ரி பில்டிங்குக்குப் பக்கத்தில் 2020-இல் முடிந்த புதிய படகுத்துறையின் தளத்தை உயர்த்தி, பேரிடருக்குப் பிறகும் இயங்கும் தரத்தில் கட்டியிருக்கிறார்கள். வளைகுடா நடுவே 1930-களில் மணல் கொட்டி உருவாக்கிய டிரெஷர் தீவில் 8,000 வீடுகள் கட்டும் திட்டம் நடக்கிறது. அங்கே வீட்டுக்கு முன் மண். அதை இடித்து நெருக்கி, மேலே மண்பாரம் ஏற்றி, அடிச்சேற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுத்த பிறகுதான் அஸ்திவாரத்துக்கே போனார்கள். இந்த மூன்றும் முழுத் திட்டத்துக்குக் காத்திருக்காமல் செய்த துண்டு வேலைகள். 1,350 கோடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிராமல், ரயில் சுரங்கம் கரையைத் தொடும் இடம், படகு அணையும் இடம், தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் இடம் என்று பேரிடர் அன்று மிகவும் தேவைப்படும் நாலைந்து துண்டுகளை முதலில் கெட்டியாக்குவதுதான் புத்தி.

அதே வளைகுடாக் கரையில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற ஃபாஸ்டர் சிட்டியையும் சொல்ல வேண்டும். 1960-களில் சதுப்பில் மண் கொட்டி எழுந்த ஊர். அதன் கரையணை போதாது என்று மத்திய அரசு சொன்ன பிறகு, ஊர்க்காரர்கள் 2018-இல் 9 கோடி டாலர் பாண்டுக்கு வாக்களித்துச் சில ஆண்டுகளில் உயர்த்திக் கட்டி முடித்தார்கள். செய்யாவிட்டால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் கட்டாய வெள்ளக் காப்பீடு கட்ட வேண்டியிருந்திருக்கும். தன் பையிலிருந்து போகும் என்றால் வேலை விரைந்து நடக்கிறது. ஆனால் அணை உயர்ந்துவிட்டது என்று அங்கிருக்கும் தம்பி, தங்கைகள் நிம்மதியாக இருக்க வேண்டாம். மாநில நிலவியல் துறையின் வரைபடத்தில் அந்த ஊர் மண் திரவமாகக்கூடிய பகுதிக்குள்தான் வருகிறது. அணை தடுப்பது தண்ணீரை மட்டும்.

அங்கே வீடு வாங்குகிற பிள்ளைகளிடம் இன்றைக்கே போனில் சொல்லுங்கள். முகவரியை மாநில நிலவியல் துறையின் அந்த வரைபடத்தில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், இலவசம். விற்பவர் தரவேண்டிய இயற்கை அபாய அறிக்கையில் இதே விவரம் இருக்கும். கையெழுத்துப் போடும் கட்டுக்கு நடுவில் அதையும் புரட்டாமல் போட்டுவிடுகிறார்கள். புது மாடிக் கட்டடமாயிற்றே என்று சமாதானம் ஆக வேண்டாம். 2009-இல் முடிந்த 58 மாடி மில்லேனியம் டவரின் பைல்கள் பாறைவரை போகவில்லை. நிலநடுக்கம் எதுவும் இல்லாமலேயே அது ஒன்றரை அடிவரை அமிழ்ந்து சாய்ந்து, பிறகு நடைபாதையை ஒட்டிப் புதுப் பைல்களைப் பாறைவரை இறக்கித் தாங்கிப் பிடித்தார்கள்.

அம்மா, அப்பா அங்கே போயிருந்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டும். கரையோரம் நிற்கும்போது பலமாகக் குலுங்கினால் குனிந்து, தலையைக் காத்து, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். குலுக்கல் நின்றதும் போன் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், பியரை விட்டு ஊர்ப்பக்கமாக மேட்டை நோக்கி நடக்க வேண்டும். ‘மைஷேக்’ செயலியைப் பெற்றோரின் போனிலும் போட்டுக் கொடுங்கள். குலுக்கல் வருவதற்குச் சில விநாடி முன்னால் கத்தும், அது போதும் மேசைக்கடியில் போக. ஆங்கில அறிவிப்பு புரியாமல் எல்லோரும் ஓடும் பக்கம் ஓடுவது ஆபத்து. எந்தத் தெரு மேட்டுக்குப் போகும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே காட்டிவிடுங்கள்.

காப்பீட்டில் உஷாராக இருங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு நிலநடுக்கத்தையும் தராது, வெள்ளத்தையும் தராது. நிலநடுக்கத்துக்குத் தனிப் பாலிசி உண்டு. வீட்டுக் காப்பீடு விற்கிற நிறுவனம் அதை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டாக வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம், கேட்கும்போது வேண்டாம் என்று டிக் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பாலிசியிலும் சேதத்தில் ஒரு பெரிய பங்கை முதலில் நீங்கள் சுமக்க வேண்டும், எத்தனை சதவீதம் என்று படித்துப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் பொருள்களுக்கு எடுக்கலாம். நிலம் அதிர்ந்து சுனாமி வீட்டுக்குள் வந்தால் அது நிலநடுக்கப் பாலிசியில் வராது, வெள்ளக் கணக்கு. நிலம் நகர்ந்து சுவர் விரிந்தால் வெள்ளப் பாலிசி கைவிரிக்கும். கரையோரம் இருப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டும். மத்திய அரசின் வெள்ளப் பாலிசி பொதுவாக வாங்கிய 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். கிங் டைட் டிசம்பரில் தொடங்கிவிடும், மழைக்காலமும் கூடவே வரும். அக்டோபர் முடிவதற்குள் பணம் கட்டிவிடுங்கள்.